ஐந்து வாட், ஐந்துக்கு ஒன்பது

முள் துள்ளிய அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மேசையின் இடப்பக்கம் பழைய வயர்லெஸ் செட் ஒன்று. ஒரு காலத்தில் ஏதோ ஒரு வாடகைக் காரில் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது அது. அதிகபட்சம் ஐந்து வாட்தான் கொடுக்கும். வலப்பக்கம், நானே அலுமினியத் தகடு வெட்டி, காயில் சுற்றி, சால்டர் வைத்துச் செய்த பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு முழக் கேபிள். செட்டின் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள் ரிலே 'டக்' என்றது. மீட்டரின் முள் ஐந்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி, நாற்பதுக்கு மேல் போய் நின்று லேசாக நடுங்கியது.

"இங்க வா! ஓடி வா!" என்று கத்தினேன்.

மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னாச்சு, ஷாக் அடிச்சிருச்சா?"

"நாப்பது! நாப்பதுக்கு மேல!"

"என்ன நாப்பது?"

"வாட்டு! அஞ்சு உள்ள போவுது, நாப்பது வெளிய வருது!"

அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். "அந்த டியூப்லைட்டும் நாப்பதுதானே? இதுக்கா இந்தக் கத்து? அடுப்புல குழம்பு கெடக்கு."

எழுபது வயதைக் கடந்தவன் நான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றேன். ஒரத்தநாடு போகும் சாலையில் வீடு, மாடியில் ஆன்டெனா, கையில் அமெச்சூர் வானொலி உரிமம். இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைப் போல வேறெதுவும் இந்த வயதில் கொடுத்ததில்லை. அதே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒரு பொய்யும் சொன்னேன். சந்தோஷத்தை மட்டும் எழுதிப் பொய்யை விட்டுவிட்டால், எழுதியதும் பொய்யாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

பெட்டி செய்ய ஆரம்பித்தது என் மனைவியின் தம்பிக்காக. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடல் காற்று வீசும் கடைமடை ஊரில் அவனுக்குக் கொஞ்சம் வயல், சில மாடுகள், ஒரு டிராக்டர். ஒருமுறை புயலில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்து அவனிடமிருந்து பல நாள் தகவலே இல்லை. அந்த நாட்களில் என் மனைவி சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோவாள். கோபுரம் தேவைப்படாத ஒரு தொடர்பு வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். ஒரே மாதிரியான பழைய செட் இரண்டு வாங்கினேன். அவனை உரிமப் பரீட்சை எழுத வைத்தேன்.

"மச்சான், பத்தாங்கிளாஸ்ல உங்ககிட்ட படிச்சிருந்தா அப்பவே ஓடிப்போயிருப்பேன்" என்பான். ஆனாலும் படித்தான், தேறினான், உரிமம் வாங்கினான். வீட்டுச் சுவரோரம் நீளமான இரும்புக் குழாயை நட்டு ஆன்டெனா ஏற்றினான்.

பேசத்தான் முடியவில்லை. எங்கள் பூமி தாம்பாளம் மாதிரித் தட்டை. ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. அவ்வளவு தூரத்துக்கு ஐந்து வாட் போதாது. மழைக்கு முந்தைய சில அதிகாலைகளில் மட்டும், காற்று வாகாக அமைந்துவிட்டால், இரைச்சலுக்குள்ளிருந்து "மச்சான்" என்று ஒரு சொல் எட்டிப் பார்க்கும். வெயில் ஏறியதும் அதுவும் போய்விடும்.

அதனால்தான் பவர் ஆம்ப்ளிஃபயர். சின்ன செட் கொடுக்கும் ஐந்து வாட்டை வாங்கிக்கொண்டு, எட்டு மடங்கு ஒன்பது மடங்காக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெட்டி. உரிமத்தின் எல்லைக்குள்தான். புத்தகத்தில் பார்க்க எளிது. பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று, சில காயில்கள், சில கண்டென்சர்கள், ஒரு ரிலே. முதல் டிரான்சிஸ்டரை ஆன்டெனாவை மாட்ட மறந்து பொத்தானை அழுத்தியே கொன்றேன். போன சக்திக்கு வெளியேற வழியில்லாமல் திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே எரித்துவிட்டது. வகுப்பில் எத்தனை வருடம் எச்சரித்த விஷயம்! அறை முழுக்கக் கருகல் வாடை. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சமையல் இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்ததை மாட்டியபோது பத்து வாட்டுக்கு மேல் வரவில்லை. ஐந்து வாட்டை உள்ளே தள்ளுகிறேன், டிரான்சிஸ்டர் அதைச் சரியாக விழுங்க மாட்டேன் என்கிறது. நுழைவாயிலில் இருக்கும் காயிலின் சுற்றுகளை மயிரிழை மயிரிழையாக விலக்கி, நெருக்கி, இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். உலோகத்தால் தொட்டால் கணக்கே மாறிவிடும். கொல்லையிலிருந்து விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவி வந்தேன். ஒரு கை பொத்தானில், ஒரு கை ஈர்க்கில், கண் மீட்டரில். ஒரு சுற்றை லேசாக விலக்கினால் பதினைந்து. இன்னும் கொஞ்சம், இருபத்தெட்டு. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம். அப்போதுதான் முள் துள்ளியது. அந்த ஈர்க்கை இன்றும் பேனா நிற்கும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

சோதனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தோம். மச்சினன் வீட்டு வாசலில் ஊரையே கூட்டிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. பந்தல் ஒன்றுதான் போடவில்லையாம். புயல் நேரத்தில் ஊருக்கு இந்த செட் உதவும் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். என் பக்கம் நானும் மனைவியும் மட்டும்.

அழைத்தேன். பொத்தானை விட்டேன். இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. தண்ணீருக்கடியில் ஒருவன் பேசுவது போல. "…ச்சான்…" என்று ஒரு துணுக்கு. பிறகு "…கேக்கு…" என்று ஒன்று. அவ்வளவுதான்.

இங்கே எங்கள் வானொலி வட்டத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் குரலைக் கேட்டதும் அது எப்படி வந்து சேர்கிறது என்று இரண்டு எண்களில் சொல்வோம். முதல் எண் பேச்சின் தெளிவு, ஐந்து வரை. இரண்டாவது எண் வலு, ஒன்பது வரை. ஐந்துக்கு ஒன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது என்று பொருள். நடைமுறையில் எல்லாரும் எல்லாருக்கும் ஐந்துக்கு ஒன்பதுதான் போடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்கிறோமே, அதுபோல. "உங்கள் சிக்னல் ஐந்துக்கு ஒன்பது, உங்கள் பெயரை இன்னொருமுறை சொல்லுங்கள், கேட்கவில்லை" என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

"தம்பி என்ன சொல்றான்?" என்றாள் மனைவி, என் தோளுக்கு மேல் குனிந்து.

நான் பேசியது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. என் பெட்டி வேலை செய்கிறது. "ரொம்பத் தெளிவா கேக்குதாம்" என்றேன். பொத்தானை அழுத்தி, "மாப்ள, உன் சிக்னல் அஞ்சுக்கு ஒம்போது! அஞ்சுக்கு ஒம்போது!" என்று முழங்கினேன்.

கால் மணி நேரத்தில் செல்போனில் கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல். "மச்சான்! கோயில் ரேடியோ மாதிரி கேட்டுச்சு மச்சான்! எல்லாரும் கையத் தட்டிட்டாங்க! நம்ம அஞ்சு வாட்டு உங்களுக்கு அஞ்சுக்கு ஒம்போதா? நெசமாவா?"

"நெசமாத்தான்" என்றேன்.

இரண்டாவது பொய் முதல் பொய்யை விட எளிதாக வந்தது.

இயற்பியல் படித்த எவனுக்கும் இது தெரியும். பெட்டி பேசுவதற்கு மட்டும்தான். பொத்தானை விட்டதும் ரிலே பின்வாங்கி, ஆன்டெனாவை நேராகச் செட்டோடு சேர்த்துவிடும். அவன் ஐந்து வாட்டில் அனுப்பினால் ஐந்து வாட்டில்தான் வரும். என் வாய் ஒன்பது மடங்கு பெருத்தது, காது பழைய காதுதான். இப்படிப்பட்டவனுக்கு எங்கள் வட்டத்தில் முதலை என்று பட்டப்பெயர். பெரிய வாய், தெரியாத காது. கொள்ளிடத்தில் கிடக்கும் நிஜ முதலைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

சீக்கிரம் அவனுக்கும் ஒரு பெட்டி செய்து கொடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். இன்னொரு டிரான்சிஸ்டரும் வரவழைத்தேன். அது வந்தபோது நான் வேறு உலகத்தில் இருந்தேன். ஒரு விடியற்காலையில் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் என் அழைப்புக்குப் பதில் கொடுத்துவிட்டார். கடலைத் தாண்டி! அவரிடமும் பெரிய பெட்டி, அதனால் அவர் குரல் கண்ணாடி போல வந்தது. "உங்கட குரல் நல்லா விளங்குது ஐயா" என்றார் அவர். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அதன் பிறகு தினமும் விடியற்காலை எழுந்து மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். புது டிரான்சிஸ்டரை, என்னுடையது எரிந்துபோனால் மாற்றுவதற்கு ஆகும் என்று, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவைத்தேன். மச்சினன் கேட்கவில்லை. அவன் ஏன் கேட்பான்? அவனுக்குத்தான் ஐந்துக்கு ஒன்பது போட்டாயிற்றே. ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டில் வரச் சொல்லி அழைப்பான். கரண்ட் இல்லை, பாட்டரி இறங்கிவிட்டது என்று ஏதாவது சொல்வேன்.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் புயல் வருகிறது என்றார்கள். முதல் நாள் மத்தியானம் மனைவி தம்பியைச் செல்போனில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"கெளம்பி வாடா. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள நீயும் உம் பொண்டாட்டியும் வந்துருங்க."

"அவள ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுட்டேன் அக்கா, ஊரு சனமெல்லாம் அங்கதான் இருக்கு. நான் இங்கயே இருக்கேன். பெரிய மாடு சினையா நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அதை எங்க விட்டுட்டு வர்றது?"

"மாடு பெருசா, நீ பெருசா?"

"ஏன் பயப்படறே? செட்டு இருக்குல்ல. ஏதாச்சும்னா மச்சானக் கூப்புடறேன். அவரே சொல்லிருக்காரு, அஞ்சுக்கு ஒம்போது. பக்கத்து ரூம்புல இருந்து கூப்புடற மாதிரி."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத்தான் இங்கே எழுத வந்தேன். வாயைத் திறந்து மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். 'எனக்குக் கேட்காது மாப்ள.' சொல்லவில்லை. காற்று எப்படியும் திசை மாறும், மாடு ஈன்றுவிடும், பெட்டியை அடுத்த வாரமே செய்துவிடலாம் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புயல் திசை மாறவில்லை. விடிந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு வேப்பமரங்கள் கிடந்தன. கரண்ட் இல்லை. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. முன்தினம் இறக்கி வைத்த ஆன்டெனாவை மனைவி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி ஏற்றினேன். காரின் பாட்டரியைக் கழற்றிப் பெட்டியோடு இணைத்தேன். அழைத்தேன். விட்டேன். இரைச்சல். அழைத்தேன். விட்டேன். இரைச்சல்.

"என்ன சொல்றான்?"

மறுபடி அழைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி அழைத்தேனோ தெரியாது. ஒருமுறை பொத்தானை விட்டபோது ஒன்றைக் கவனித்தேன். இரைச்சல் ஒரே சீராக இல்லை. நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் மெலிகிறது. கொட்டும் குழாயின் கீழே யாரோ துணியைப் பிடித்தது போல. பிறகு பழையபடி. பேச்சை மேலே ஏற்றி அனுப்ப வலு போதாவிட்டாலும், எதிர்முனையில் ஒருவன் பொத்தானை அழுத்தியிருக்கிறான் என்பதே அந்த மெலிவில் தெரியும். அவன்தான். அங்கே இருக்கிறான். பேசிக்கொண்டிருக்கிறான்.

"என்னங்க சொல்றான்?" இப்போது குரலில் அழுகை இருந்தது.

"எனக்குக் கேக்கல" என்றேன். "அன்னைக்கும் கேக்கல. ஊரக் கூட்டி வச்சுப் பேசினானே, அப்பவும் கேக்கல. கேட்ட மாதிரி சொன்னேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. அவள் பார்த்த பார்வைக்கு, திட்டியிருந்தால் தேவலை. "நீங்க பேசறது அவனுக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்."

"அப்ப அவன்கிட்ட சொல்லுங்க."

பொத்தானை அழுத்தினேன். ரிலே 'டக்' என்றது. "மாப்ள, நான் சொல்றதக் கேட்டுக்க. நீ பேசறது எனக்குக் கேக்கல. இன்னைக்கு மட்டும் இல்ல, அன்னைக்கும் கேக்கல. அஞ்சுக்கு ஒம்போதுன்னு சொன்னது பொய். என் பெட்டி பேசும், கேக்காது. அது தெரிஞ்சேதான் சொன்னேன். இப்ப நீ பேசாத. சும்மா பொத்தானை மட்டும் அழுத்து. ஆமான்னா ஒரு தடவ நீளமா. இல்லன்னா ரெண்டு தடவ. நான் பேசறது கேக்குதா?"

விட்டேன். இரைச்சல். இரைச்சல். பிறகு அது மெலிந்தது. நீளமாக, ஒரு மூச்சுப் பிடிக்கும் நேரம் மெலிந்தே இருந்தது. பிறகு திரும்பி வந்தது.

"அவனா?"

"அவன்தான்! ஆமாங்கறான்! கேக்குதாம்!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்குள் ஒரு குதூகலம் எகிறியது. வெறும் இரைச்சலிலிருந்து ஒரு 'ஆமாம்' கிடைத்துவிட்டது! அடுத்து என்ன கேட்பது என்று எனக்கு ஓடவில்லை. கேள்விகளை அவள் சொன்னாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள்தான்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சான்னு கேளுங்க."

இரண்டு மெலிவுகள். இல்லை.

"கூட யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை.

"அடி பட்டிருக்கா?"

நீளமான ஒன்று. அவள் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"கையா?" இல்லை. "காலா?" ஆமாம். "நடக்க முடியுதா?" இல்லை. "ரத்தம் வருதா?" ஆமாம்.

"வேட்டியக் கிழிச்சு இறுக்கிக் கட்டச் சொல்லுங்க!"

"அது கேள்வி இல்லியே, அதுக்கு எப்படி…"

"கேள்வியாவது மண்ணாவது, மொதல்ல சொல்லுங்க!"

சொன்னேன். வேட்டியைக் கிழி, முழங்காலுக்குக் கீழே கட்டு, காலை நீட்டி வை, பயப்படாதே, என்று சொல்லிக்கொண்டே போனேன். மூச்சு வாங்கப் பொத்தானை விட்டதும் ஒரு புதிய குரல் பாய்ந்து வந்தது. கணீரென்று, இந்தமுறை நிஜமாகவே ஐந்துக்கு ஒன்பது.

"சார், கொஞ்சம் நில்லுங்க! நாகப்பட்டினம் கட்டுப்பாட்டு அறையிலேர்ந்து பேசறேன். அவசரத்துக்கு இங்க செட்டோட உட்கார்ந்திருக்கேன். உங்க பேச்சுதான் வழியெல்லாம் நெறஞ்சு கெடக்கு. உங்க மச்சினர் பேசறதும் எனக்குக் கேக்குது சார், கொஞ்சம் இரைச்சலா, ஆனா புரியுது. அவர் வாயத் தெறக்கறப்பல்லாம் நீங்க மேல ஏறிப் பேசிடறீங்க. நீங்க விட்டாத்தானே நான் உள்ள வர முடியும்? கைய எடுங்க சார்."

கையை எடுத்தேன். மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டேன். அடிபட்டுக் கிடப்பவனின் பேச்சை இவ்வளவு நேரமாக என் நாற்பது வாட்டால் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு எங்களுக்குக் கேட்டது பாதி உரையாடல்தான். இரைச்சல் மெலியும், திரும்பும். நாகப்பட்டினத்துக்காரர் பேசுவார். "ஆமாங்க, சொல்லுங்க… தென்னையா? கொட்டகை மேலயா?… சரிங்க… வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?… மதகத் தாண்டியா, மதகுக்கு முன்னயா?… புரியுது… நீங்க அசையாதீங்க… தண்ணி குடிச்சீங்களா?… மாடா? மாட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்ங்க, மொதல்ல உங்க காலு…" மனைவி செட்டின் ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்திருந்தாள். ஒட்டிவைத்தால் தம்பி குரல் கேட்டுவிடும் என்பது போல.

பிறகு அவர் எங்களிடம் வந்தார். காற்று உச்சத்தில் இருந்தபோது மாடு ஈன ஆரம்பித்திருக்கிறது. கொட்டகைக்குப் போயிருக்கிறான். கன்று வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தென்னை சாய்ந்து கொட்டகையின் மேல் விழுந்திருக்கிறது. உத்தரம் அவன் காலில். எப்படியோ இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்து, டிராக்டர் பாட்டரியில் கொடுத்து வைத்திருந்த செட்டைப் பிடித்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அவன் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறான் என்றே நினைத்திருந்தார்கள். நடுவில் தண்ணீர், சாலை முழுக்க மரம். மீட்புக்காரர்கள் படகோடும் மர அறுப்பு வாளோடும் கிளம்பிவிட்டார்கள் என்றார்.

"இன்னொண்ணு சார். உங்ககிட்ட அப்படியே சொல்லணும்னு சொன்னார். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"'மச்சான் காதுல வாங்காமயே தலையாட்டறது அக்காகிட்ட மட்டும்தான்னு நெனச்சிருந்தேன், என்கிட்டயுமா'ன்னு கேக்கச் சொன்னார்."

என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

மதியத்துக்குள் அவனைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கம்பி வைத்தார்கள். கட்டிலருகே மனைவி இல்லாத ஒரு நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நான் உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருப்பியா மாப்ள?"

இல்லை மச்சான், எப்படியும் மாட்டை விட்டு வந்திருக்க மாட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கேட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"வந்திருப்பேன் மச்சான். டிராக்டர்ல டிரெய்லரக் கட்டி மாட்டையும் ஏத்திக்கிட்டு வந்திருப்பேன். உங்க ஹால்லதான் கட்டியிருப்பேன். அக்கா என்னைய வெட்டியிருக்கும்."

சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவன் கால் இப்போது கூடிவிட்டது, ஆனால் மடங்க மறுக்கிறது. சேற்றில் இறங்க முடிவதில்லை. வயலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டான். சம்பா நடவு நடக்கும்போது வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான் என்று அவன் மனைவி சொல்கிறாள். நான் இதுவரை அந்த நாட்களில் அங்கே போனதில்லை. போக வேண்டும்.

பெட்டியை அவன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன அன்றே காரில் எடுத்துப் போனேன். என் மேசையில் அது இருந்த இடம் சதுரமாகத் தூசியில்லாமல் தெரிந்தது. அவன் வீட்டில் அலமாரியில் ஆணி அடித்து மாட்டினேன். டிராக்டர் பாட்டரியிலிருந்து தடித்த வயரை இழுத்துக் கொடுத்தேன். அவன் செட் வேறு, கேபிள் வேறு, அதனால் காயிலை மறுபடி ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது. ஈர்க்கைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவன் பொத்தானை அழுத்தினான், நான் காயிலைத் தொட்டேன். முள் ஏறியது. நாற்பதுக்கு மேல் போய் நின்றபோது அவன், "ஏய், இங்க வந்து பாரு!" என்று தன் மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினான். அவள் ஓடிவந்தாள். கன்றுக்குட்டியும் வாசற்படி வரை வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த முள் துள்ளும்போது வரும் சந்தோஷத்துக்கு என்ன குற்றம் செய்தவனானாலும் விலக்கில்லை போலிருக்கிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த டிரான்சிஸ்டரை எடுத்து எனக்கு இன்னொரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். கண்ணும் கையும் முன்போல இல்லை, மெதுவாகத்தான் நடக்கிறது. அதுவரை என்னிடம் ஐந்து வாட்தான். இப்போது நான் பேசுவதுதான் அவனுக்குக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்கிறான். நான் பொத்தானை அழுத்தி 'ஆமாம்', 'இல்லை' சொல்கிறேன்.

வானொலி வட்டத்தில் நான் ஒரு தொல்லையாகிவிட்டேன். யாருக்கும் கேட்டபடிதான் எண் போடுகிறேன். "என்ன சார், மூணுக்கு ரெண்டு போடறீங்க? எல்லாரும் அஞ்சுக்கு ஒம்போது குடுக்கறாங்களே" என்று கும்பகோணத்து அன்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். மூன்றுக்கு இரண்டுதான் கேட்டது, அதையே மறுபடி சொன்னேன். அவர் அன்றைக்கு மேற்கொண்டு பேசவில்லை.

இன்று காலை மச்சினன் செட்டில் அழைத்தான். குரல் முழுசாக வந்தது. பின்னால் மாடு கத்துவதுகூடக் கேட்டது. மனைவி காபியோடு வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் வயலைப் பற்றி ஏதோ சொன்னான். தை மாத அறுப்புக்கு எங்களை வரச் சொல்கிறான் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு லாரி எங்கள் தெருவில் போனது, இரண்டு சொல் விழுந்துவிட்டது.

"என்ன சொன்னான்?" என்றாள் மனைவி.

"தெரியல" என்றேன். கேட்கவில்லை என்பதற்கு இரண்டு தடவை அழுத்திவிட்டு, அவன் திரும்பச் சொல்வதற்காகக் காத்திருந்தோம்.